சிவப்பு வண்டிக்கு எஞ்சின் தேர்ந்தெடுத்த பொதுக்குழு

ராக்கியண்ணனுக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் மொத்தம் ஒன்பது. அவற்றை அவர் நடந்த வரிசையில்தான் சொல்வார். நடுவில் யாராவது தும்மினால்கூட முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார் என்பதால், வசந்தமாலை மில் காலனியில் அவர் பேசும்போது யாரும் தும்முவதில்லை.

முதலாவது, அறுபத்து நாலில், ஏழாம் வகுப்புப் பேச்சுப்போட்டியில் அவருக்கு வரவேண்டிய பரிசு மில் மேனேஜர் மகனுக்குப் போனது. இரண்டாவது, எழுபதில், நூற்பு இலாகாவில் வேலை என்று சொல்லிக் கூப்பிட்டு பஞ்சு உடைக்கும் இலாகாவில் தள்ளினார்கள். மேடையில் அவர் உணர்ச்சிவசப்படுவதாக ஊர் நினைத்துக்கொண்டிருக்கும் அந்தத் தொண்டைக் கமறல் அந்தப் பஞ்சுத்தூசி கொடுத்தது. மூன்றாவது, எழுபத்தாறில், எமர்ஜென்சியின்போது, இன்னொரு ராக்கியண்ணன் என்று நினைத்து இவரைப் பிடித்துப்போய், தியாகி என்று நாலு பேர் சொல்ல ஆரம்பித்த பதினோராவது நாளில் மன்னிப்புக் கேட்டு வெளியே விட்டுவிட்டார்கள். நான்காவது, எண்பத்து மூன்றில், அவர் எழுதிய முதல் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் அச்சகத்துக்காரன் ஆடித் தள்ளுபடி விளம்பரத்தை அடித்துவிட்டான். காலனிப் பெண்கள் அந்தப் பக்கத்தைத்தான் சுவரில் ஒட்டினார்கள். ஐந்தாவது, எண்பத்தெட்டில், மாஸ்கோ போகும் குழுவில் அவர் பெயரை வெட்டிவிட்டு வேறொருவரை அனுப்பினார்கள். போனவர் கோயமுத்தூர் வெயிலுக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கிவந்து கொடுத்தார். ஆறாவது, தொண்ணூற்றொன்றில், சங்கத் தலைவர் தேர்தலில் ஒரே ஓட்டில் தோற்றார். தனக்குத்தானே ஓட்டுப் போடுவது முதலாளித்துவப் பழக்கம் என்று அவர் போடாமல் விட்ட ஓட்டு அது. ஏழாவது, தொண்ணூற்றேழில், எழுபத்து மூன்று நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் ஐம்பத்து மூன்றாம் நாள், கேன்டீன் வேன் டிரைவர் ஒருவன் கோட்டைத் தாண்டி உள்ளே போனான். வேலைநிறுத்தம் தோற்றது, மில் மூடியது. எட்டாவது, இரண்டாயிரத்து மூன்றில், மகள் ஒரு பனியன் கம்பெனியின் பெர்சனல் ஆபீசரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

ஏழாவதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும். அதில் பெயர் வராது. அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேலைநிறுத்தக் கோட்டைத் தாண்டியவனுடைய டோக்கன் எண், தகப்பன் பெயர், அவன் பெயர் மூன்றையும் பெரிய வாசலில் ஸ்டூல் போட்டு ஏறிநின்று செயலாளரான ராக்கியண்ணன் மூன்று முறை உரக்க வாசிப்பார். கூட்டம் ஒவ்வொரு முறையும் “கேட்டோம், சாட்சி” என்று சொல்லும். அதற்கப்புறம் அந்தப் பெயரைக் காலனியில் யாரும் உச்சரிக்கக்கூடாது. இருபத்தேழு வருடமாக அந்த ஆள் ‘ஏழாவது’தான். காலனியில் ஒரு பெண் தன் பிள்ளைக்கு அதே பெயர் வைக்கப்போய், பிள்ளையைக் கடைசிவரை ‘தம்பி’ என்றே கூப்பிட வேண்டியதாயிற்று.

ஒன்பதாவது அநீதிதான் இந்தக் கதை. அதைச் செய்தது ஒரு எஞ்சின்.

மில் முதலாளியின் இளைய மகன் ஜப்பானிலிருந்து இறக்கிய இரண்டு கதவுச் சிவப்பு ரேஸ் கார் ஒன்று வேலைநிறுத்தத்தின்போது உள்ளே மாட்டிக்கொண்டது. “இந்த வண்டி இனிமேல் இந்தப் பெரிய வாசலைத் தாண்டுமானால், ஸ்டீயரிங்கில் ஒரு தொழிலாளியின் கை இருக்கும்” என்று ராக்கியண்ணன் அன்றைக்கே துண்டறிக்கை போட்டார். வாழ்நாளில் அவர் விட்ட சவால்களில் இன்னும் தோற்காமல் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதற்குக் காரணம் இன்னும் யாரும் முயன்று பார்க்கவில்லை என்பது. இப்போது கோர்ட் உத்தரவு வந்துவிட்டது. மில்லை இடிக்கப்போகிறார்கள். உள்ளே இருக்கும் வாகனங்களில் ஓடுவது தொழிலாளர் சங்கத்துக்கு, ஓடாதது பழைய இரும்புக்கு. மே முதல் தேதி பத்து மணிக்குக் கோர்ட் அதிகாரி வந்து பெரிய வாசலின் சீலை உடைப்பார், பதினொன்றுக்குத் திரும்ப வைப்பார். அந்த ஒரு மணி நேரத்தில் அந்த வாசல் வழியாகத் தன் காலில் வெளியே போவதுதான் ஓடும் வண்டி, காலனிக்குப் போகும் பின்பக்கச் சந்து கணக்கில் வராது.

உக்கடத்திலிருந்து மெக்கானிக் வகாப் பாய் வந்து பானெட்டைத் திறந்து ரொம்ப நேரம் குனிந்தே நின்றார்.

“ரோட்டரிங்ணா இது. பிஸ்டனே கிடையாது. உள்ள முக்கோணமா ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும். மூணு முனையிலயும் சீல் இருக்கு, அத்தனையும் உளுத்துப்போச்சு. கூடும் அரிச்சிருச்சு. இனி எந்திரிக்காது.”

“நல்ல எஞ்சின்தானே?” என்றார் ராக்கியண்ணன். தன் சொந்தக்காரரைப் பற்றி டாக்டரிடம் கேட்பது போலக் கேட்டார்.

“நல்ல எஞ்சின்தானுங்ணா. என்ன, மேல கீழ போற வேலையே கிடையாது, சும்மா சுத்தும். சத்தம் ஊரைக் கூட்டும். பெட்ரோலையும் குடிக்கும், ஆயிலையும் குடிக்கும். சூடானா யார் பேச்சும் கேக்காது.”

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த துளசிமணி, ராக்கியண்ணனின் மனைவி, “எங்கூட்லயும் அதே கம்பெனிதானுங்க” என்று சொல்லிவிட்டுத் தூக்கை வைத்தாள்.

மாற்று எஞ்சின் எது என்பதைப் பொதுக்குழுதான் தீர்மானிக்க வேண்டும் என்று ராக்கியண்ணன் சொன்னார். உயிரோடிருந்த உறுப்பினர்கள் ஒன்பது பேர். தலைவர் ஞானப்பிரகாசம் தலைமை தாங்கினார். அவருக்கு இடது காது கேட்காது, அதனால் எதிர்க்கட்சியை எப்போதும் இடது பக்கம்தான் உட்காரவைப்பார். வேட்புமனு, பரிசீலனை, வாபஸ் வாங்கக் கடைசி நாள் எல்லாம் சுவரில் ஒட்டப்பட்டன. வகாப் பாய் தகுதிகளை வாசித்தார்: இது சின்ன எஞ்சின், லேசான எஞ்சின், ரொம்பப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தது, அதன் இடத்தில் நீளமானதை வைத்தால் பானெட் மூடாது, கனமானதை வைத்தால் மூக்குத் தாழ்ந்து திருப்பத்தில் இழுக்கும், முறுக்குவிசை அதிகமானதை வைத்தால் கியர்பாக்ஸ் பல்லைக் கொட்டிவிடும். மூன்று எஞ்சின்கள் களத்தில் நின்றன. மூன்றையும் ஒவ்வொன்றாக இறக்கி ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பது என்று தீர்மானமானது.

முதலில் ஒரு டாக்ஸி எஞ்சினை வைத்தார்கள். சாவி திருப்பியதும் பிடித்துக்கொண்டது, யாரும் ஓட்டாமலே மில் முற்றத்தைக் கடந்து போய், வாட்ச்மேன் நிறுத்தியிருந்த சைக்கிளுக்குப் பின்னால் ஒரு முழ இடைவெளி விட்டு நின்றது. வாட்ச்மேன் சைக்கிளை நாலடி தள்ளினால் வண்டியும் நாலடி நகர்ந்தது. சைக்கிளை அவர் வீட்டுக்கு எடுத்துப்போன நேரத்தில் முன்னால் வந்து நின்று, பின்கதவு இல்லாத அந்த வண்டி, யாரோ ஏறுவதற்காகச் சாயங்காலம்வரை உறுமிக்கொண்டே காத்திருந்தது.

“இருவது வருஷம் ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டுல வரிசையில நின்ன எஞ்சினுங்ணா” என்றார் வகாப் பாய். “பழக்கம் போகலை.”

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மில் சங்கு நின்று இருபத்தேழு வருடமாகியும் காலை ஆறரைக்குத் தானாக எழுந்து உட்காரும் ஆட்கள் அவர்கள். ஞானப்பிரகாசம் மட்டும் இதை மினிட் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்றார். அன்றைய தீர்மானம் எண் நான்கு இன்னும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது: ‘இந்த வண்டிக்குள் இறக்கப்படும் எஞ்சின்களுக்குப் பழைய வேலை ஞாபகம் இருக்கிறது என்பதை இப்பொதுக்குழு குறித்துக்கொள்கிறது. ஆதரவு எட்டு. எதிர்ப்பு ஒன்று, தோழர் ராக்கியண்ணன், பொருள்முதல்வாதக் காரணங்களுக்காக.’

இரண்டாவது எஞ்சின் டிரைவிங் ஸ்கூலிலிருந்து வந்தது. அது பத்தடிக்கு ஒருதரம் குலுங்கி அணைந்தது, எட்டுப் போட்டது, ரிவர்ஸில் வந்து இரண்டு கல்லுக்கு நடுவில் கச்சிதமாக நின்றது, இரண்டாவது கியருக்கு மேல் போக மறுத்தது. ஆனால் காலனிப் பெண்கள் அதை விடவில்லை. ஒரு வாரம் முறை வைத்து வந்து உட்கார்ந்து போனார்கள். பதினாலு பேர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள், அதில் நாலு பேர் எல்.எல்.ஆரும் எடுத்துவிட்டார்கள். எஞ்சினைக் கழற்றிய அன்று ஒருத்தி அதற்கு ஒரு முழம் கனகாம்பரம் சுற்றினாள்.

மூன்றாவது, சவ வண்டியின் எஞ்சின். மூன்றிலும் அதுதான் அமைதியானது, சீரானது, எடைக்கும் சரியாகப் பொருந்தியது. வகாப் பாய்க்கு அதன் மேல் ஒரு கண். ஆனால் அது நடக்கும் வேகத்துக்கு மேல் போகவில்லை, தினமும் காலையில் காலனிக்குள் ஒரு சுற்று வந்து ஞானப்பிரகாசம் வீட்டு வாசலில் நின்றது. முதல் நாள் அவர் சிரித்தார். இரண்டாம் நாள் மூத்த மகனுக்குப் போன் போட்டார். மூன்றாம் நாள் போய் ரத்தம் பரிசோதித்து வந்தார். சர்க்கரை முந்நூற்று எண்பது இருந்தது, மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். நான்காம் நாள் வண்டி அவர் வீட்டைத் தாண்டிப் போனது. அதைப் பார்த்து மற்ற எட்டுப் பேரும் அவசரமாகப் பொதுக்குழுவைக் கூட்டி அந்த எஞ்சினை ஒருமனதாகத் தோற்கடித்தார்கள்.

மே தினத்துக்கு ஐந்து நாள் இருந்தது. வகாப் பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, எல்லாரும் எதிர்பார்த்ததைச் சொன்னார்.

“இன்னொண்ணு இருக்குதுங்ணா. நாலு சிலிண்டர், கட்டையானது, கனமில்லை, பின்னால தள்ளி உக்காரும். அளவெடுத்துப் பார்த்துட்டேன். உங்க மில்லு கேன்டீன் வேன் எஞ்சின். அந்த வேனை அப்பவே ஏலத்துல எடுத்து மாட்டுக்கொட்டாயில தார்ப்பாய் போட்டு வச்சிருக்காரு, பேரு வந்து...”

“பாய்!” என்று ஒன்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“சரிங்ணா, சொல்லலை. அந்த ஆளு.”

ராக்கியண்ணன் நாற்பது நிமிடம் எதிர்த்துப் பேசினார். கருங்காலியின் எஞ்சினைத் தொழிலாளியின் வண்டிக்குள் வைப்பது, எதிரியின் ஈரலை எடுத்து நம் வயிற்றில் தைத்துக்கொள்வது என்றார். வரலாறு மன்னிக்காது என்றார். யாரும் தும்மவில்லை. ஓட்டெடுப்பில், தொண்ணூற்றொன்றில் கற்ற பாடத்தின்படி, இந்த முறை தன் ஓட்டைத் தனக்கே போட்டுக்கொண்டார். எட்டுக்கு ஒன்று என்று தோற்றார்.

ஏழாவது ஒரு மாட்டுவண்டியில் எஞ்சினை ஏற்றிக்கொண்டு வந்தார். மில் மூடிய பிறகு ஒரு பேக்கரிக்கு பன் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒல்லியாக, சட்டையின் மேல் பட்டனையும் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர் மாதிரி நின்றார். தானே இறக்கி மாட்டித்தருவதாகச் சொன்னார், வேறெதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் வேலை நடந்தது. அவரை எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியாததால் எல்லாரும் காற்றைப் பார்த்து “இந்தாங்க”, “ஏனுங்க” என்று பேசினார்கள். ராக்கியண்ணன் அதுவும் பேசவில்லை. ஆள் வைத்துப் பேசினார்.

“வகாப், அந்த போல்ட்டை இன்னும் இறுக்கச் சொல்லு. ஓடிப்போற பழக்கம் உள்ள எஞ்சின்.”

“பாய், செக்ரட்டரிகிட்டச் சொல்லுங்க, ரொம்ப இறுக்கினா மரை போயிரும்னு. எல்லாத்தையும் இறுக்கி இறுக்கித்தான் மில்லே போச்சு.”

“வகாப், மில் எதனால போச்சுன்னு எனக்குத் தெரியும்னு சொல்லு.”

“பாய், அப்ப ரொம்ப சந்தோசம்னு சொல்லுங்க.”

வகாப் பாய் இரண்டு பேருக்கும் ஒரே டீயை வாங்கிக்கொடுத்து, நடுவில் உட்கார்ந்து எஞ்சினிடம் மட்டும் பேசினார்.

மே தினத்துக்கு முந்தின நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட்டம் பார்த்தார்கள். ஸ்டீயரிங்கில் ஏழாவது உட்கார்ந்தார். அவர் வண்டியோடு தப்பித்துப் போய்விடாமல் இருக்கப் பக்கத்து சீட்டில் ராக்கியண்ணன் உட்கார்ந்தார். அந்த சீட் தரையோடு தரையாக இருந்ததால் கண்ணாடி வழியே அவருடைய நெற்றியும் கம்பளித் தொப்பியும் மட்டும்தான் தெரிந்தன. சாவி திரும்பியது. இருபத்தேழு வருடம் தூங்கிய எஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டு, கிளம்பியது. ஏழாவது இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டி தானாகவே கேன்டீன் அரிசிக் கிடங்குக்கு முன்னால் போய்ப் பின்பக்கத்தைக் காட்டி, ஒரு ஆள் பத்து மூட்டை ஏற்றும் நேரம் நின்றது. பிறகு, மேலே யாரோ எதையோ வைத்ததைப் போல, பின்பக்கம் தாழ்ந்து, சந்து வழியாகக் காலனிக்குள் இறங்கி, வீடுகளின் முன்வாசல் பக்கம் போகாமல் கொல்லைப்பக்கமாகவே ஊர்ந்து, முதல் வரிசையின் முதல் கொல்லைக்கதவில் நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது.

கதவு திறந்தது. நடக்கக் கஷ்டப்படும் ஒரு கிழவி கையில் வெறும் முறத்தோடு வந்து நின்றாள். சிவப்பு வண்டியைப் பார்த்தாள், முறத்தைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த கொல்லை. இரண்டு ஹாரன். ஒருத்தி அண்டாவோடு வந்தாள். அடுத்த கொல்லை. வீட்டுக்காரி இறந்து பத்து வருடமாகிவிட்ட அந்த வீட்டில் யாரும் வரவில்லை. ஆனால் எஞ்சின் ஒரு மரக்கால் அரிசி அளக்கும் நேரம் காத்திருந்துவிட்டுத்தான் நகர்ந்தது. அப்படியே பன்னிரண்டு கொல்லைகள். பாத்திரத்தோடு வெளியே வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் முதலில் சிரித்தார்கள், பிறகு வண்டிக்குள் கம்பளித் தொப்பி தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

ராக்கியண்ணன் வேலைநிறுத்தத்தின் இருபதாம் நாளிலிருந்து காலனியில் அடுப்பு எரிந்ததற்கான காரணத்தை அறிந்தவர். அதை எழுதியவரே அவர்தான். திருப்பூர் பனியன் தொழிலாளர்களுக்கு அவர் விட்ட வேண்டுகோளை ஏற்று அந்தத் தோழர்கள் இரவோடு இரவாக அரிசி அனுப்பினார்கள் என்று துண்டறிக்கை போட்டார். திருப்பூருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அவர்களும் அந்த நன்றியை ஏற்றுக்கொண்டு பதில் எழுதினார்கள். ஐம்பத்து மூன்றாம் நாளோடு அரிசி நின்றபோது ‘திருப்பூரின் துரோகம்’ என்று இன்னொரு துண்டறிக்கை போட்டார். அதற்கும் அவர்கள் வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு பதில்களையும் அவர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

பதின்மூன்றாவது கொல்லை அவருடையது. இரண்டு ஹாரன். துளசிமணி பாதித் தூக்கத்தில், அவிழ்ந்த கொண்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையில் பித்தளைப் போசியோடு வந்தாள். வந்தவள் நின்றாள். போசியை மறைக்கப் பார்த்து, மறைக்காமல் விட்டாள்.

வண்டிக்குள்ளிருந்து நெற்றி மட்டும் பேசியது. “துளசி. நீயுமா?”

“நான் மட்டும் காத்தைத் தின்னேனுங்களா? நீங்களும்தான் தின்னீங்க. உண்ணாவிரதம்னு பந்தல்ல உக்காந்துட்டு, சாயங்காலம் வந்து குழம்புல உப்புப் பத்தலைன்னீங்க.”

“கம்பெனி அரிசியா?”

“கேன்டீன் அரிசி. அந்தண்ணன் கிடங்குச் சாவி வச்சிருந்தாரு. தெரிஞ்சா ஆம்பளைங்க முதலாளி அரிசின்னு துப்பிருவாங்க, யாரும் மூச்சு விடாதீங்கன்னு சொல்லித்தான் அளந்து போட்டாரு.”

“அன்னிக்கு ஏன் சொல்லலை? பேர் வாசிச்ச அன்னிக்கு?”

துளசிமணி போசியைக் கவிழ்த்துப் படியில் வைத்தாள். “ஓடி வந்தேனுங்க. கேட்டு வரைக்கும் வந்தேன். நீங்க ஸ்டூலு மேல நின்னுட்டிருந்தீங்க. என்னைப் பார்த்து, ‘பொம்பளைங்க அப்புறம் பேசலாம்’னீங்க. அப்புறம்னா எப்பன்னு சொல்லவே இல்லை.”

ராக்கியண்ணன் ஸ்டீயரிங் பக்கம் திரும்பி ஏழாவதிடம் முதன்முறையாக நேரே கேட்டார். “நீ ஏன் சொல்லலை?”

“சொல்லியிருந்தா அரிசித் திருட்டுக் கேசு, பதிமூணு வீட்டுப் பொம்பளைங்களும் சாட்சிக்கூண்டுல ஏறணும். அதுவுமில்லாம நீங்க எங்க பேச விட்டீங்க? அரிசி போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள சந்துல சாக்கடைக்குக் குழி வெட்டிட்டாங்க, அன்னிக்கு ஒருநாள்தான் பெரிய கேட்டு வழியாத் திரும்பி வந்தேன். வேன் காலியா இருந்துது. கருங்காலி ஆளுங்களைப் பின்பக்கமா உள்ள இறக்கி விட்டுட்டுக் காலியா வர்றான்னு சொன்னீங்க. அரிசியை இறக்கிட்டாலும் காலியாத்தானுங்க இருக்கும்.”

எஞ்சின் மெதுவாகக் கேன்டீன் கொட்டகைக்குத் திரும்பி அணைந்தது. ராக்கியண்ணன் அந்தத் தாழ்ந்த சீட்டில் ரொம்ப நேரம் கணக்குப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு நாட்கணக்கு. ஐம்பத்து மூன்றாம் நாள் பெயர் வாசித்தது. ஐம்பத்து நாலாம் நாள் அரிசி நின்றது. எழுபத்து மூன்றாம் நாள் பசி தாங்காமல் வேலைநிறுத்தம் உடைந்தது. மில்லை முதலாளி மூடினான், வேலைநிறுத்தத்தை வேறொருவர் உடைத்திருந்தார், அந்த வேறொருவர் இப்போது கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, வண்டியை விட்டு எழுந்திருக்க முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கையைக் கொடுங்க செக்ரட்டரி” என்றார் ஏழாவது. “இந்த சீட்டு எந்திரிக்கிறதுக்குச் செஞ்சதில்லை.”

மே தினத்தன்று மில் முற்றத்தில் ஊரே இருந்தது. டிரைவிங் ஸ்கூல் எஞ்சினிடம் படித்த பதினாலு பெண்களும் முன்வரிசையில் நின்று, ஓட்டுவதில் தப்புக் கண்டுபிடிக்கத் தயாராக இருந்தார்கள். பத்து மணிக்குக் கோர்ட் அதிகாரி சீலை உடைத்தார். பெரிய வாசல் இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு துருவை உதிர்த்துக்கொண்டு திறந்தது. ஏழாவது சாவியைத் திருப்ப, வண்டி கிளம்பியது, முற்றத்தைக் கடந்தது, வாசலுக்கு ஆறடி முன்னால் வந்து, அணைந்தது.

வகாப் பாய் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். பெட்ரோல் வந்தது, பொறி வந்தது, எல்லாம் இருந்தது. தள்ளிப் பார்த்தார்கள், தள்ளி வெளியே போனால் செல்லாது என்றார் அதிகாரி, அதற்குத் தேவையும் வரவில்லை, வண்டி அசையவில்லை. பத்தேகால். பத்தரை.

ஏழாவது மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “இது இப்படித்தானுங்க நிக்கும். நான் கடைசியா சாவியை அணைச்ச இடம் இது. எம்பேரை வாசிச்சீங்க, நான் இறங்கி நடந்து போயிட்டேன். இதுக்கப்புறம் நடந்தது எதுவும் இதுக்குத் தெரியாது.”

கூட்டம் ராக்கியண்ணனைப் பார்த்தது. அவர் சட்டைப்பையில் நாற்பது நிமிட மே தினப் பேச்சு இருந்தது. அதை எடுத்து, நாலாக மடித்து, துளசிமணி கையில் கொடுத்தார். அவள் அதைப் பிரித்துப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு அவர் சங்க அறையிலிருந்து பழைய ஸ்டூலை எடுத்துவரச் சொன்னார். ஞானப்பிரகாசமும் வகாப் பாயும் ஆளுக்கொரு கக்கத்தைப் பிடித்து ஏற்றினார்கள். அதில் ஒரு கால் குட்டை. அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு அது அவருக்குத் தெரியவில்லை.

“தோழர்களே” என்றார். கமறல் வந்தது. ஊர் அதை உணர்ச்சி என்று நினைத்தது. அன்றைக்கு மட்டும் ஊர் நினைத்தது சரி. “எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் ஒன்பது...”

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மணி பத்து நாற்பது. முதலாவதிலிருந்து ஆரம்பித்தால் பதினொன்றுக்குள் மாஸ்கோகூட வராது. அப்போது துளசிமணி, வாழ்க்கையில் முதன்முறையாக, வேண்டுமென்றே, எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு தும்மல் போட்டாள்.

ராக்கியண்ணன் நிறுத்தினார். அவளைப் பார்த்தார். “சரி” என்றார். “எட்டு. ஏழாவது எனக்கு நடந்ததல்ல. திருத்திக்கொள்ளுங்கள். ஏழாவது நான் செய்தது. அதைச் செய்தவன் பெயர் முதலில்: டோக்கன் எண் இருநூற்று ஆறு, அங்கண்ணன் மகன் ராக்கியண்ணன்.”

“கேட்டோம்” என்றார் ஞானப்பிரகாசம், வலது காதில் கையை வைத்துக்கொண்டு. “சாட்சி.”

அன்று அந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது என்பது அதிகாரியின் பதிவேட்டில் இருக்கிறது: பத்து ஐம்பத்தொன்று. ஓட்டியவர் என்ற இடத்தில் ஒரு தொழிலாளியின் பெயரும் இருக்கிறது. காலனியில் அதைத் தேடிப் படித்தவர்கள் இல்லை, ஏனென்றால் அந்தப் பெயரை அவர்கள் எல்லாரும் காதாலேயே கேட்டார்கள். அதை மூன்று முறை வாசிக்கத்தான் ராக்கியண்ணன் ஸ்டூலில் ஏறினார். முதல் முறை உதடு மட்டும் அசைந்தது, இருபத்தேழு வருடம் யாரும் புழங்காத பெயர் அது. இரண்டாவது முறை முன்வரிசைக்குக் கேட்டது. வண்டிக்குள்ளிருந்தவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, மெல்ல இரண்டு கையையும் எடுத்து ஸ்டீயரிங்கின் மேல் வைத்தார். ராக்கியண்ணன் கம்பளித் தொப்பியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஆடுகிற ஸ்டூலில் நேராக நின்று, பெரிய வாசலுக்கும், பதிமூன்று வீட்டுப் பெண்களுக்கும், அணைந்த எஞ்சினுக்கும் கேட்கும்படி, மூன்றாவது முறையாக வாசித்தார்:

“டோக்கன் எண் நானூற்றுப் பன்னிரண்டு. கேன்டீன் வேன் டிரைவர். நம் சங்கத்துத் தோழர். ரங்கையன் மகன் திம்மையன்.”